குடத்துக்குள் ஒரு கோட்டை!

கிருமிகள் கட்டும் வழவழப்பான வீட்டை இன்னும் பலமாக்கப் பார்க்கிறது ஒரு விஞ்ஞானி கூட்டம். அதை இடிக்க வழி தேடுகிறது ஒரு டாக்டர் கூட்டம். நம் வீட்டில் நாம் எந்தக் கட்சி?

தண்ணீர்க் குடத்தின் உள்பக்கத்தை என்றைக்காவது விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்போம். உள்ளே, கழுத்துக்குக் கீழே, கை சரியாக எட்டாத இடத்தில் லேசாக வழவழவென்று ஏதோ தட்டுப்படும். "பாசி புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

பாசி பச்சையாக இருக்கும். அது வளர வெளிச்சம் வேண்டும். மூடி வைத்த குடத்துக்குள் ஏது வெளிச்சம்? நிறமில்லாமல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல், விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற அந்த வழவழப்பு பெரும்பாலும் பாக்டீரியாக்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடு. விஞ்ஞானிகள் இதை 'பயோஃபிலிம்' என்கிறார்கள். நாம் 'கிருமிப் படலம்' என்று வைத்துக்கொள்வோம்.

உத்திரமேரூர் ஏரி மதகுக் கல்லில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அதில் பாசியோடு சேர்ந்து இருப்பது இதுதான். பஞ்சாயத்து டேங்கின் உட்சுவரில் இருப்பதும், காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் மாவு மாதிரி ஒட்டுவதும் இதன் சொந்தக்காரர்கள்தான். மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலும், படுக்கையில் இருக்கிற தாத்தாவுக்குப் போட்டிருக்கிற சிறுநீர்க் குழாயிலும்கூட இதே கதைதான்.

கட்டட வேலை எப்படி நடக்கிறது?

தண்ணீரில் தனியாக நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பாக்டீரியா ஏதாவது ஒரு பரப்பில் போய் உட்காருகிறது. முதலில் லேசான ஒட்டுதல்தான். வேகமாகத் தண்ணீர் ஓடினால் அடித்துக்கொண்டு போய்விடும். இடம் பிடித்துவிட்டால், அது பிசின் மாதிரி ஒரு பொருளைச் சுரக்க ஆரம்பிக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்துப்போன கிருமிகளின் மரபுப்பொருள் எல்லாம் கலந்த பிசின் அது. சிமென்ட்டும் கம்பியும் சேர்ந்து கான்கிரீட் ஆகிற மாதிரி இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதற்குள் கிருமி பெருகுகிறது. வேறு ஜாதிக் கிருமிகளும் வந்து குடியேறுகின்றன. நாளடைவில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய், வேறு இடத்தில் கிளை திறக்கிறது!

இதை முதலில் கவனித்தவர் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக். 1683-ல் பல் அழுக்கைச் சுரண்டித் தன் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, உள்ளே நெளிகிற உயிர்களைக் கண்டு அசந்துபோனார். காடியால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படலத்தின் மேலாக இருந்தவை மட்டும் செத்தன. உள்ளே இருந்தவற்றுக்குக் காடி போய்ச் சேரவே இல்லை என்று எழுதி வைத்தார். அவர் அன்று சொன்னதுதான் இன்றைக்கும் டாக்டர்களின் தலைவலி. படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, தனியாக நீந்தும் அதே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைப்போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தைக்கூடத் தாங்கிவிடும்.

வைக்கோலில் ஒரு கில்லாடி

இந்தக் கட்டடக் கலையில் கெட்டிக்காரக் கிருமி ஒன்று உண்டு. பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் களத்துமேட்டு வைக்கோல் போரிலும் வயல் மண்ணிலும் சர்வ சாதாரணமாக இருப்பது. ஆங்கிலத்தில் இதற்குச் செல்லப் பெயரே 'வைக்கோல் கிருமி' என்றுதான். 1872-ல் ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இப்போதைய பெயரைச் சூட்டினார். பயப்பட வேண்டாம், இது பொதுவாக நல்ல பிள்ளை. ஜப்பானில் வேகவைத்த சோயாவை வைக்கோலில் பொதிந்து வைத்து, இந்தக் கிருமியின் உதவியால் 'நாட்டோ' என்ற பதார்த்தம் செய்து சாப்பிடுகிறார்கள். நூல் நூலாக இழுபடும் அந்த வழவழப்பும் இதன் கைங்கரியம்தான்.

சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். பேசில்லஸ் கட்டுகிற படலமும் அப்படித்தான். தண்ணீர் மேலே விழுந்தால் உருண்டையாக நிற்கிறது, உள்ளே இறங்குவதில்லை. 2011-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தண்ணீரோடு ஆல்கஹாலைக் கலந்து இதன் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஆல்கஹால் 80 சதவீதம் வரை போன பிறகும் படலம் நனையவில்லை! ஆஸ்பத்திரியில் கைக்குப் போடுகிற கிருமிநாசினியில் இருக்கிற ஆல்கஹால் அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

எப்படி இந்தச் சாமர்த்தியம்? ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் விவரமாகச் சொன்னார்கள். படலத்தின் மேல்பரப்பில் ஒரு புரதம் வரிசையாக அடுக்கி நின்று, மழைக்கோட்டு மாதிரி மூடிக்கொள்கிறது. அந்தப் புரதத்தைச் செய்ய முடியாதபடி ஆக்கப்பட்ட கிருமியின் படலம் சாதாரணத் துணிபோல நனைந்துவிடுகிறது.

பலப்படுத்தினால் என்ன லாபம்?

"இருக்கிற கிருமியையே விரட்ட முடியலை. அதைப் பலப்படுத்த வேற செய்யணுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது.

ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லீலெக் என்பவரின் குழு, இதே வைக்கோல் கிருமியின் படலத்தை சுண்ணாம்பு-சிமென்ட் மாதிரியான காரையில் கலந்து பார்த்தது. 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் காரை தண்ணீரை உறிஞ்சும். படலம் கலந்த காரையில் தண்ணீர் உருண்டையாக நின்றது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, தாமரை இலையில் இருக்கிற மாதிரி மிக நுண்ணிய முட்கள் பரப்பெல்லாம் முளைத்திருந்தன. சுவரில் ஈரம் ஏறுவதால் வெடிப்பும் பூஞ்சையும் வருகிறது. பூஞ்சையால் வீட்டில் இருக்கிற குழந்தைக்கு இழுப்பு அதிகமாகிறது. ஈரத்தைத் தடுக்கிற காரை கிடைத்தால் வீட்டுக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது.

நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இது ரொம்ப அந்நியமான யோசனை இல்லை. கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப் போட்டு, நாள் கணக்கில் புளிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். புளிக்க வைப்பது என்றாலே கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் வேலை வாங்குவதுதானே! கிருமிப் படலத்தைக் காரையில் சேர்ப்பது வேறு முறை. ஆனாலும் உயிர்ப்பொருளால் சுண்ணாம்பை மேம்படுத்தலாம் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

அதே குழு 2017-ல் இன்னொரு வேடிக்கையைச் சொன்னது. ஒரே கிருமி, கிடைக்கிற தீனியைப் பொறுத்து வேறு வேறு மாதிரிப் படலம் கட்டுகிறது. ஒன்றில் தாமரை இலை போலத் தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. இன்னொன்றில் ரோஜா இதழ் போல, துளி உருண்டையாக நின்றாலும் கவிழ்த்தால்கூட விழாமல் ஒட்டிக்கொள்கிறது. வேறொன்று நனைந்தே போகிறது. ஆக, எந்தக் குணம் வேண்டுமோ அதற்கேற்ப வளர்க்கலாம்.

வயலிலும் இப்படிப் பலமான படலம் தேவைப்படுகிறது. விதை நேர்த்திக்கு கிலோ விதைக்கு 10 கிராம் என்று சூடோமோனாஸ் தூளைக் கலக்கச் சொல்கிறார்களே விவசாய அதிகாரிகள், அதே வரிசையில் பேசில்லஸ் சப்டிலிஸும் விற்கிறது. வேரைச் சுற்றி இது படலம் கட்டிக்கொண்டால் வேரழுகல் பூஞ்சைக்கு இடம் கிடைப்பதில்லை. படலம் மழைத் தண்ணீரில் கரைந்துவிடாமல் நின்றால்தான் விவசாயிக்குப் போட்ட காசு திரும்பும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கல்பாக்கம். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தோடு இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் கடலடிச் சுரங்கம் வழியாக வருகிறது. குழாய்ச் சுவரில் முதலில் கிருமிப் படலம், அதன் மேல் மட்டி, சிப்பி என்று குடியேறினால் தண்ணீர் ஓட்டமே குறைந்துவிடும். அதனால் படலத்தை எப்படி ஒட்டவிடாமல் செய்வது என்று கல்பாக்கம் விஞ்ஞானிகள் பல வருஷங்களாக ஆராய்கிறார்கள்.

செப்புக்குடம் சொல்லும் பாடம்

மியூனிக் குழுவின் 2014-ஆம் வருஷ ஆராய்ச்சி ஒன்று நம் சமையலறைக்கு நேராக வருகிறது. செம்பு, துத்தநாகம், இரும்பு, அலுமினியம் போன்ற உலோகங்களின் உப்புக் கரைசலை பேசில்லஸ் படலத்தின் மேல் விட்டார்கள். தனியாக நீந்தும் பேசில்லஸுக்கு இவற்றில் பல விஷம். ஆனால் படலமோ உலோகத்தை உறிஞ்சித் தன் பிசினிலேயே கட்டிப்போட்டுவிட்டது. உள்ளே இருந்த கிருமிகள் பிழைத்தன. அதோடு, வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் பெயர்ந்து போகாதபடி படலம் கெட்டியாகிவிட்டது! எதிரி எறிந்த கல்லையே பொறுக்கிச் சுவர் எழுப்பின மாதிரி.

"அப்படின்னா செப்புக்குடத்துத் தண்ணி நல்லதுன்னு சொல்றதெல்லாம் பொய்யா?" பொய் இல்லை. பெங்களூரில் நடந்து 2012-ல் வெளியான ஆராய்ச்சியில், டைபாய்டு, காலரா, சீதபேதிக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அந்தக் கிருமிகளை வளர்க்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பின் அளவும் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிற அளவுக்கு வெகு கீழே இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செம்பு வேலை செய்வது தண்ணீரில் மிதக்கிற கிருமியிடம். குடத்தின் உள்ளே ஏற்கெனவே வழவழப்பு படிந்திருந்தால், செம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு திரை விழுந்த மாதிரி. பாட்டி புளியையும் சாம்பலையும் வைத்துச் செப்புக்குடத்தை அழுத்தித் தேய்த்தது பளபளப்புக்கு மட்டும் பயன்பட்ட வேலை இல்லை. புளிப்பு, களிம்பை எடுக்கும். தேய்ப்பு, படலத்தைப் பெயர்க்கும். ஆனால் வெளியே தேய்த்தது போதாது. உள்ளே கை போக வேண்டும்.

உலோகத்தின் கதை அதோடு முடியவில்லை. 2020-ல் அதே குழு, வேறு சூழ்நிலையில் உலோகக் கரைசல் பட்டதும் படலத்தின் மழைக்கோட்டு கழன்று தண்ணீர் ஒட்ட ஆரம்பிக்கிறது, ஆன்டிபயாடிக் மருந்தும் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று கண்டது. படலத்தை நனையவிட்டால் மருந்து உள்ளே போகும். கோட்டையைப் பலப்படுத்தப் படித்த பாடமே, இடிக்கவும் வழி சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் இது இன்னும் ஆராய்ச்சிச் சாலையில்தான் இருக்கிறது. செம்புத் தண்ணீரைப் புண்ணில் ஊற்றலாமா என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!

உடம்புக்குள் கட்டினால்...

வைக்கோல் கிருமி சாது. உடம்பில் தொல்லை கொடுப்பவை வேறு. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பிசின் உண்டு.

பல்: சாப்பாட்டுச் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் கிருமிகள் பல்லில் படலம் கட்டுகின்றன. தேய்க்காமல் விட்டால் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து ஏறி, சில நாட்களிலேயே காரையாக இறுக ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பிரஷ்ஷால் போகாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். "க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்" என்பது தப்பு. ஆடுகிற பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரிகிறது. உண்மையில் ஆட்டம் காணவைத்ததே அந்தக் காரையும் கிருமியும்தான். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் அதிகமாகும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம்.

சிறுநீர்க் குழாய்: பக்கவாதமோ புராஸ்டேட் தொந்தரவோ வந்து, குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் பெரியவர்கள் எத்தனை பேர்! குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது மருத்துவக் கணக்கு. காரணம், குழாயின் சுவரில் கட்டிக்கொள்கிற படலம். மருந்து கொடுத்தால் மிதக்கிறவை சாகும். சுவரில் இருப்பவை மறுபடி இறங்கி வரும். அதனால் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். காய்ச்சல், குளிர்நடுக்கம், திடீர்க் குழப்பம், குழாய் அடைப்பு இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் "இந்தக் குழாய் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

கால் புண்: சர்க்கரை நோயாளியின் புண்ணில் வழவழவென்று மஞ்சளாகப் படிந்திருப்பதில் செத்த சதையோடு கிருமிப் படலமும் இருக்கலாம். மேலே பவுடர் தூவினால் அது அடியில் இறங்காது. டாக்டர் அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்த பிறகுதான் மருந்துக்கு வழி பிறக்கும். "ஐயோ, புண்ணைப் பெரிசாக்கிட்டாங்களே" என்று சிலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காலையே இழக்க நேர்வது அப்படித்தான். காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் அங்கே வேண்டாம்.

ஏரி வாரியத்தின் வழி

உத்திரமேரூர் என்றதும் குடவோலை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். அதில் ஓட்டுப் போட்ட கதையைப் படிக்கிறோம். எதற்கு ஓட்டு என்று கவனிப்பதில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட ஏரி வாரியம். 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியைப் பற்றியும், அதில் இருந்த வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துகள் பற்றியும் பேசுகிறது. தண்ணீருக்கும் வைத்தியத்துக்கும் ஆள் போட்டு, கணக்கு வைத்த பூமி இது.

நம் வீட்டு டேங்குக்கு யார் வாரியம்? காலண்டரில் தேதி குறித்து ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

● குடிநீர்க் குடம், ஃபில்டர் பாத்திரம், குழந்தையின் தண்ணீர் பாட்டில் இவற்றின் உள்பக்கத்தைத் தினமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். காய்ந்த பரப்பில் படலம் வளர முடியாது. கை நுழையாத பாட்டிலுக்கு நீளக் கைப்பிடி பிரஷ்.

● மேல் டேங்கில் முதலில் தேய்ப்பு, அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர். வழவழப்பை அப்படியே வைத்துக்கொண்டு பவுடர் போட்டால், குளோரின் அதனோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். தண்ணீருக்கு மிஞ்சாது. உப்புக் காரை படிந்திருந்தால் அதையும் சுரண்டுங்கள். சொரசொரப்பில்தான் கிருமிக்குப் பிடி கிடைக்கிறது.

● எவ்வளவு பவுடர் என்பதை சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் போடுங்கள். குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

● பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்க்கவே கூடாது. விஷ வாயு வரும். தரைக்கு அடியில் இருக்கிற தொட்டிக்குள் யாரும் தனியாக இறங்க வேண்டாம்.

● பல்லைக் காலை, இரவு இரண்டு வேளையும் இரண்டு நிமிஷம் தேயுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷை மாற்றுங்கள்.

● சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. தொடும் முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

● கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதோடு தூங்காதீர்கள். அதன் டப்பாவிலும் படலம் கட்டும். குழாய்த் தண்ணீரில் கழுவாமல், அதற்கென்று இருக்கிற திரவத்தையே பயன்படுத்துங்கள்.

சந்தேகமா?

"தண்ணியைக் கொதிக்கவெச்சுதானே குடிக்கிறோம், குடம் எப்படியிருந்தா என்ன?"

கொதித்த தண்ணீரில் நோய்க் கிருமி இருக்காது. அதை வழவழப்பான குடத்தில் ஊற்றினால் குடத்திலிருப்பது தண்ணீரில் இறங்கும். கொதிக்கவைத்த பலன் போச்சு.

"படலம் எல்லாமே கெட்டதா?"

இல்லை. வேரைக் காப்பதும், சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பதும் படலம்தான். வயலிலும் சுவரிலும் அது பலமாக இருக்கட்டும். குடத்திலும் பல்லிலும் புண்ணிலும் பலமாகும் முன்பே தேய்த்துவிட வேண்டும். நேற்றுக் கட்டியது இன்றைக்குச் சுலபமாகப் பெயரும். ஒரு மாதம் விட்டதுக்குப் பல மடங்கு பாடுபட வேண்டும்.